ஆன்லைனில் வாங்கிய ‘ஸ்டேஜ் 1’ மேப்: இன்டர்செப்டர் 650-ல் என்ன ஆனது?

வண்டி ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக், பிஎஸ்6. ஏர் ஃபில்டர் கம்பெனியோடது, சைலன்சர் மட்டும் ஸ்லிப்-ஆன், அதாவது பின்பகுதியை மட்டும் கழற்றி வேறு மாட்டியது. ஆன்லைனில் வாங்கியது ஒரு கேபிளும் ‘ஸ்டேஜ் 1’ மேப் ஃபைலும். மேப் என்பது எப்போது எவ்வளவு பெட்ரோல் ஊற்ற வேண்டும் என்று இசியுவுக்கு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டருக்கு, சொல்லும் டேபிள். ‘ஸ்டேஜ் 1’ என்றால் சைலன்சர் மாதிரி சின்ன மாற்றங்களுக்கானது. உங்கள் வண்டிக்கென்றே எழுதித் தருகிறோம் என்றார்கள். கேட்டதோ சேசிஸ் நம்பர் மட்டும். சைலன்சர் எது, ஃபில்டர் எது, என்ன பெட்ரோல் என்று ஒரு கேள்வி இல்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

அந்தக் கேபிள் இசியுவில் எழுதும். உள்ளே ஏற்கெனவே இருப்பதைப் படித்து எடுக்காது. ஒரிஜினல் ஃபைல் கையில் இல்லாமல் புதுசை ஏற்றினால், பிடிக்கவில்லை என்றாலும் வீட்டிலிருந்தபடி பழையபடி ஆக்க வழி கிடையாது. ஃப்ளாஷ் செய்வது, அதாவது புது ஃபைலை ஏற்றுவது, சுலபம்தான். பேட்டரியில் சார்ஜர், ஹெட்லைட் ஃபியூஸ் வெளியே, மல்டிமீட்டரில் 12.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. எழுதும்போது வோல்டேஜ் விழுந்தால் இசியு பாதியில் நின்றுவிடும்.

முதல் 200 கிலோமீட்டரிலேயே தெரிந்துவிட்டது. 3,000 ஆர்பிஎம்மில் ஒரே சீராகப் போகும்போது வண்டி இழுப்பதும் விடுவதுமாக இருந்தது. த்ராட்டிலை மூடினால் சைலன்சரில் பட்பட். தஞ்சாவூர் – திருச்சி நால்வழிச் சாலையில் ஐந்தாவது கியரில் முழு த்ராட்டில் கொடுத்தால், தகர டப்பாவில் புளியங்கொட்டை குலுக்குகிற சத்தம். அதுதான் நாக்கிங்: சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது. இது காற்றாலும் ஆயிலாலும் குளிரும் இன்ஜின். சித்திரை வெயிலில் இந்தச் சத்தத்தோடு ஓட்டினால் பிஸ்டன் தாங்காது.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் பீங்கான் சுண்ணாம்பு வெள்ளை, அதன்மேல் மிளகுப்பொடி தூவின மாதிரி கரும்புள்ளிகள். இருக்க வேண்டியது சிவக்க வறுத்த ரவை நிறம்.

அடுத்த சோதனைக்குக் காசு செலவில்லை. புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளந்து இசியுவுக்குச் சொல்லும் ஆக்ஸிஜன் சென்சாரின் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு ஒரு ரவுண்டு ஓட்டினால் இன்ஜின் லைட் எரிய வேண்டும். எரியவே இல்லை. மேப்பில் சென்சாரையே அணைத்து வைத்திருக்கிறார்கள். இனி இசியு தானாகத் திருத்திக்கொள்ளாது. டேபிளில் எழுதினதுதான் ஊற்றும்.

கும்பகோணத்தில் ஒரு பட்டறையில், இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் ஹெட்டர் பைப்பில் எம்18, 1.5 பிட்ச் நட் ஒன்றை வெல்டிங் வைத்து, காற்று-பெட்ரோல் விகிதத்தைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சார் மாட்டப்பட்டது. வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் இசியு கனெக்டரையும் கழற்றிவிட வேண்டும். சென்சார் படுக்கையாக இருக்கக் கூடாது. தலை மேலே வருமாறு குறைந்தது 10 டிகிரி சாய்வு வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் தேங்கிச் சென்சார் போய்விடும். கேஸ்கெட்டில் லீக் இருந்தாலும் அளவு பொய் சொல்லும், அதையும் பார்த்துவிடுவது நல்லது.

அளவு: சீராகப் போகையில் லாம்ப்டா 1.06, முழு த்ராட்டிலில் 0.97. லாம்ப்டா 1 என்றால் காற்றும் பெட்ரோலும் சரிசமம்; அதற்கு மேலே போனால் பெட்ரோல் குறைவு, கீழே வந்தால் அதிகம். முழு த்ராட்டிலில் 0.86 முதல் 0.90-க்குள் இருந்தால்தான் இந்த இன்ஜினுக்குப் பாதுகாப்பு.

காரணம் பெட்ரோல். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20-க்கு ஏறக்குறைய 13.5. இ5 பெட்ரோலுக்கு எழுதின டேபிளை நம்ம பங்க் இ20-ல் ஓட்டினால் இன்ஜினுக்குத் தேவையானதில் சுமார் 6 சதவீதம் எரிபொருள் குறைவாகப் போகும். சென்சார் உயிரோடு இருந்திருந்தால் சீரான ஓட்டத்திலாவது அதை ஈடுகட்டியிருக்கும்.

விற்றவர்களிடம் அளவுகளை அனுப்பியதற்கு வந்த பதில், ஃபோம் ஃபில்டர் மாட்டுங்கள் என்று. காற்றைக் கூட்டினால் பெட்ரோல் பங்கு இன்னும் குறையும், பிரச்சினை தீராது. தவிர, அறுவடை நேரத்தில் வைக்கோலும் உமித்தூசியும் பறக்கிற டெல்டா ரோட்டில் எண்ணெய் சரியாகப் போடாத ஃபோம், சிலிண்டரைத் தேய்த்துவிடும். பிறகு ‘திருத்திய’ ஃபைல் ஒன்று வந்தது. ஃபைலை பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் இரண்டையும் ஒப்பிட்டால் கடைசி சில பைட்டுகள் மட்டும் வேறு. எரிபொருள் டேபிளில் கை வைக்கவே இல்லை. டிஜிட்டல் பொருள், பணம் திரும்ப வராது என்று முடித்துவிட்டார்கள்.

ஒரிஜினல் சாஃப்ட்வேரை சர்வீஸ் சென்டரில்தான் திரும்ப ஏற்ற முடிந்தது. இரண்டு பிளக்கும் புதுசு, ஆயில் மாற்றம். இப்போது 400 கிலோமீட்டர்: நாக்கிங் இல்லை, இழுப்பு இல்லை. சென்சார் கனெக்டரைப் பிடுங்கினால் இன்ஜின் லைட் எரிகிறது. வைட்பேண்ட் நட்டை செம்பு வாஷரோடு போல்ட் போட்டு அடைத்தாயிற்று. அடுத்து எந்த மேப் வந்தாலும் அளந்து பார்க்க அது இருக்கட்டும்.