கிள்ளிய இடத்தில் வந்த வினை

மலக்குடலின் மேல்பகுதியில் எனக்கு இருந்தது மூன்றரை சென்டிமீட்டர் கட்டி. காளான் மாதிரி தண்டோடு நின்றிருந்தால் கம்பி வளையத்தை மாட்டி அறுத்திருப்பார்கள். இது சுவரோடு ஒட்டிப் படர்ந்திருந்தது.

முதலில் பார்த்த ஆஸ்பத்திரியில் கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாக கேமரா குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்தபோதே நாலைந்து இடத்தில் கிள்ளி பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். அடினோமா, அதாவது பின்னால் புற்றுநோயாக மாறக்கூடிய கட்டி, இப்போதைக்குப் புற்றுநோய் தெரியவில்லை என்று வந்தது. ஆனாலும் குடலை வெட்டித்தான் எடுக்க வேண்டும், கொஞ்ச காலம் மலம் வெளியேற வயிற்றில் பை மாட்ட வேண்டியிருக்கலாம் என்றார்கள். பை என்றதும் என் மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள்.

அப்புறம் வேறொரு குடல் மருத்துவர். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஸ்கோப்லயே எடுக்கலாம் சார், ஆனா துண்டு துண்டா வேண்டாம்" என்றார். 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் வளையத்துக்குள் முழுசாகச் சிக்குவது கஷ்டம். பிய்த்துப் பிய்த்து எடுத்தால் மிச்சம் மீதி மறுபடி முளைக்கலாம். ஓரம் சுத்தமா என்று லேபிலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் இ.எஸ்.டி., அதாவது ஸ்கோப் வழியாகவே கட்டியை ஒரே துண்டாக அடியோடு பிரித்தெடுப்பது. ஜப்பான்காரர்கள் வளர்த்தெடுத்த முறை. நீலச் சாயம் கலந்த திரவத்தைக் கட்டிக்கு அடியில் ஊசியால் ஏற்றி, அதை மேலே எழுப்பி, மின்கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாக அடியை அறுத்துப் பிரிப்பார்கள். குடல் சுவரின் கனமே சில மில்லிமீட்டர்தான். ஓட்டை விழலாம், ரத்தம் கசியலாம், பாதியில் ஆபரேஷனுக்கு மாறலாம் என்று எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்கினார்கள்.

பேதி மருந்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, குடித்தவர்களுக்குத் தெரியும்.

நடந்ததைப் பிறகு வீடியோவில் காட்டினார். முக்கால்வாசி இடம் நீலமாக உப்பி எழும்புகிறது. முன்பு கிள்ளிய இடத்தில் மட்டும் தழும்பு இறுகிக் கிடக்க, திரவம் ஏறவே இல்லை. அங்கே அறுக்கும்போதுதான் தசை கிழிந்தது. உடனே கிளிப் போட்டு மூடினார்கள். அதன் பலன் பட்டினி, டிரிப், ஆன்டிபயாட்டிக், வந்து வந்து வயிற்றை அமுக்கிப் பார்க்கும் டியூட்டி டாக்டர். எடுத்த கட்டியைத் தெர்மாகோலில் விரித்து, சுற்றிலும் குண்டூசி குத்தி மனைவியிடம் காட்டியிருக்கிறார்கள். சுருங்கிவிட்டால் ஓரத்தைச் சரியாகப் பார்க்க முடியாதாம்.

ரிப்போர்ட்டில், ஒரு மூலையில் புற்றுநோயாக மாறத் தொடங்கியிருந்தது, ஆனால் மேலடுக்கைத் தாண்டவில்லை. கீழடுக்கில் 1 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் இறங்கியிருந்தால், இவ்வளவும் செய்த பிறகும் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கலாம் என்ற பயத்தில் ஆபரேஷனுக்குத்தான் அனுப்புவார்களாம். அடிப்பக்கம் சுத்தம். தழும்புப் பக்கத்து ஓரம் மட்டும் சூட்டில் கருகியதால் தெளிவில்லை. ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கோப்.

தட்டையான பெரிய கட்டி என்று தெரிந்ததும் கிள்ளாமல் நல்ல படங்கள் எடுத்து, இதைச் செய்பவரிடம் அனுப்பியிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். புற்றுநோயா என்று பார்க்க வேண்டாமா என்பார்கள். சரி, அதற்கு நாலைந்து இடம் எதற்கு?

கூடப்பிறந்தவர்கள் 40 வயதிலிருந்தே ஸ்கோப் பார்ப்பது நல்லது என்றார் டாக்டர். தம்பிக்குப் போன் போட்டேன். "எனக்குப் பசி, தூக்கம் எல்லாம் சரியா இருக்குண்ணே" என்கிறான். எனக்கும்தான் இருந்தது, ஆபீஸ் செக்கப்பில் மலப் பரிசோதனையில் மாட்டினேன். இப்போது அவன் மனைவியிடம் பேசியிருக்கிறேன்.