வெறும் டம்ளர்

மே 27

சின்னவனுக்கு ஆட்டிசம் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கக் கொடுத்த தாளில் 20 கேள்விகள். மூன்றாவதில் பேனா நின்றுவிட்டது. காலி டம்ளரில் குடிக்கிற மாதிரி, போன் பேசுகிற மாதிரி, பொம்மைக்கு ஊட்டுகிற மாதிரி பாவனை செய்து விளையாடுகிறானா? ஆம், இல்லை, இரண்டே கட்டம். 'நான் கவனிக்கவே இல்லை' என்பதற்குக் கட்டம் கிடையாது.

மே 28

16 மாதத்திலிருந்து 30 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கான தாள். இவனுக்கு 22. கவலைப்பட வேண்டிய பதில் மொத்தம் 4 வந்திருக்கிறது. 3 முதல் 7 வரை நடுத்தரமாம், இன்னும் விரிவாகக் கேட்பார்களாம். ஜூன் 13 வரச் சொல்லியிருக்கிறார்கள். "இது நோய்ப் பேரு சொல்ற தாள் இல்லம்மா. யாரை இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வச்சுப் பார்க்கணும்னு சொல்ற தாள்" என்றார் சிஸ்டர். நன்றாகத்தான் சொன்னார். பஸ்ஸில் வரும்போது அது காதில் நிற்கவில்லை, 4 மட்டும் நின்றது.

மே 29

காலையிலிருந்து ஆறு தடவை டம்ளரை நீட்டினேன். இல்லை.

மே 30

இன்று ஒரு முன்னேற்றம் என்று வைத்துக்கொள்ளலாமா தெரியவில்லை. காலி டம்ளரைக் கையில் கொடுத்ததும் உள்ளே எட்டிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்ப் பானை முன்னால் நிறுத்தினான். அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தண்ணி இல்லங்கான், வேற என்ன சொல்லணும் அவன்? ஒனக்குத்தான் கண்ணு தெரியல."

மே 31

பெரியவள் திண்ணையில் கடை போட்டிருந்தாள். மஞ்சனத்தி இலைதான் ரூபாய். சரக்கு: கூழாங்கல், பழைய பேட்டரி, நிஜமான கோவில்பட்டிக் கடலை மிட்டாய் நான்கு. நான் இரண்டு இலைக்கு ஒரு மிட்டாய் வாங்கி, "நீயும் ஒண்ணு தின்னு" என்றேன். "எம்மா, கடக்காரங்க சரக்க திங்கக் கூடாது" என்றாள், கோபமாக. கண் என்னவோ மிட்டாய் மேலேயேதான். மற்ற நேரத்தில் டப்பாவை ஒளித்து வைத்தாலும் ஸ்டூல் போட்டு எடுக்கிறவள்.

ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1933-இல் பேசிய ஒரு உரையைப் பற்றி நேற்று ராத்திரி படித்தேன். குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் பிள்ளைக்கு, பொருளிலிருந்து அர்த்தத்தைப் பிரித்தெடுக்க அந்தக் குச்சிதான் பிடிமானம் என்கிறார். விளையாட்டில் பிள்ளை தன்னைவிட ஒரு தலை உயரமாக நிற்கிறது என்கிறார். அதன் விதிக்குக் கட்டுப்படுவதற்காகக் கையில் இருக்கிற ஆசையைத் தள்ளிப் போடுகிறதாம். நாலரை வயதில் இவள் ஒரு தலை உயரமாகத்தான் நிற்கிறாள். தம்பி அதே திண்ணையில் கூழாங்கற்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான்.

வரிசையாக வைத்தால் என்ன? நானும் தீப்பெட்டிப் படம் அடுக்கினவள்தானே.

ஜூன் 2

அவர் போனில், "எல்லாத்தையும் படிச்சு மண்டையக் குழப்பிக்காத" என்றார். சரி என்றேன். வைத்ததும் படித்தேன்.

பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேயின் மகளுக்கு ஒன்றே கால் வயது. தன் தலையணை மாதிரியே ஓரத்தில் குஞ்சம் வைத்த ஒரு துணியைப் பார்க்கிறாள். எடுத்துக் கையில் சுருட்டிப் பிடித்து, விரல் சூப்பிக்கொண்டு, படுத்துத் தூங்குகிற மாதிரி நடிக்கிறாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு. அந்தச் சிரிப்புதான் எனக்கு வேண்டியது. பொய் என்று தெரிந்து சிரிக்கிற சிரிப்பு.

ஒன்றே கால் வயது. கணக்குப் போடக் கூடாது. போட்டேன். ஏழு மாதம்.

ஜூன் 4

அக்கா வாழைப்பழத்தைக் காதில் வைத்து "ஹலோ, அப்பாவா?" என்றாள். அப்புறம் தம்பியிடம் நீட்டினாள். உரித்துத் தின்றுவிட்டான்.

இதே வாழைப்பழத்தை வைத்து 1987-இல் ஆலன் லெஸ்லி என்ற உளவியலாளர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். பழம், போன் என்றால் என்னவென்று இப்போதுதான் பழகுகிற பிள்ளைக்கு, அம்மா பழத்தைப் போன் என்று காட்டினால் இரண்டும் குழம்பிப் போக வேண்டாமா? போவதில்லை. 'இப்போதைக்குப் போன்' என்பதை மனம் தனியாக வேலி கட்டி வைத்துக்கொள்கிறதாம். எதிராளி மனதில் இருப்பது நம் மனதில் இருப்பதல்ல என்று பின்னால் புரிவதற்கும் இதே வேலிதான் அடித்தளம் என்பது அவர் வாதம். எங்கள் ஊரில் அந்த வேலிக்கு 'சும்மாக்காச்சுக்கு' என்று பெயர். அக்கா தொலியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்: "சும்மாக்காச்சுக்குடா, தின்னுட்டான்மா."

ஜூன் 5

சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருந்தான். அரை மணி நேரம்.

ஜூன் 6

தூக்கமில்லை. ஆஞ்சலின் லில்லார்ட் என்ற உளவியலாளரும் மற்றவர்களும் 2013-இல் பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்து, பாவனை விளையாட்டுதான் மொழியையும் அறிவையும் வளர்க்கிறது என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது என்றிருக்கிறார்கள். வளர்ச்சிக்குப் பல வழிகளில் அதுவும் ஒன்றாக இருக்கலாம், வேறொன்று வளரும்போது கூடவே வருவதாகவும் இருக்கலாம். முதலில் நிம்மதி. பிறகு எரிச்சல். அப்புறம் எதற்கு அதை மூன்றாவது கேள்வியாகக் கேட்கிறார்கள்?

இரண்டு மணிக்கு மேல் கொஞ்சம் தெளிந்தது. அவர்கள் கேட்பது அடையாளத்தை. நான் பத்து நாளாக அதை மருந்தாக்கி, வேளைக்கு ஆறு தடவை டம்ளரில் ஊற்றிப் புகட்டிக்கொண்டிருக்கிறேன். புகட்டினால் அது எப்படி விளையாட்டாகும்? அத்தை சின்ன வயதில் சிரட்டையில் மண் இட்லி அவித்தாராம், ஊரே வந்து தின்றதாம். அவரை யாரும் உட்கார வைத்து அவிக்கச் சொல்லவில்லை.

ஜூன் 8

டம்ளரை நீட்டவில்லை. இரண்டாம் நாள். கை நமநமக்கிறது.

ஜூன் 9

எழுதலாமா வேண்டாமா என்று மத்தியானத்திலிருந்து யோசனை.

அத்தை காப்பி குடித்துவிட்டு டம்ளரையும் டவராவையும் தரையில் வைத்துவிட்டுப் போனார். இவன் போய் உட்கார்ந்தான். டம்ளரை மேலே தூக்கி டவராவில் சாய்த்தான். ஒன்றுமில்லை உள்ளே. திரும்ப டவராவை எடுத்து டம்ளரில் சாய்த்தான். மறுபடி. அத்தை ஆற்றுவது போலவே, அதே உயரத்தில். நான் அடுப்படி நிலையில் மூச்சு விடாமல் நின்றேன்.

இது பாவனையா, பார்த்ததைத் திரும்பச் செய்வதா? அடி வண்டல் ஒரு சொட்டு இருந்திருக்குமோ, அதைத்தான் பார்த்தானோ? குடிக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. அக்கா ஓடி வந்து, "எனக்கு ஒரு காப்பி போடு" என்று கை நீட்டினாள். டவராவை அவள் கையில் வைத்தான். அவள் உறிஞ்சி "சுடுது!" என்றாள். அவன் அவள் வாயையே பார்த்தான், ரொம்ப நேரம்.

மேலே போய்ப் பாத்ரூமில் அழுதுவிட்டு வந்தேன்.

அவரிடம் சொன்னேன். "வீடியோ எடுத்தியா?" என்றார்.

ஜூன் 10

பெரியவளுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. வீடு வெறிச்சென்று கிடக்கிறது. தம்பி வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தான். காத்திருந்தானா, சும்மா இருந்தானா என்று நான் எழுதப் போவதில்லை.

ஜூன் 12

பையில்: தாள், தடுப்பூசி அட்டை, இரண்டு செட் துணி, பிஸ்கட், தண்ணீர். விரிவாகக் கேட்கும்போது ஒவ்வொன்றுக்கும் உதாரணம் சொல்லச் சொல்வார்களாம். மூன்றாவது கேள்விக்கு டவரா கதையை எந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பது? முதல் பஸ் 5.40. அக்கா வந்து பைக்குள் அவளுடைய விளையாட்டுச் செப்பு டம்ளரைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். எடுத்து வெளியே வைத்தேன். திரும்ப உள்ளே வைத்தேன்.