ஏர் ஓட்டுனவன் வெச்ச பேரும் வரி வாங்குனவன் வெச்ச பேரும்

போன மாசம் அப்பாகூட ராயக்கோட்டை தக்காளி மண்டிக்கு போயிருந்தேன். விடியறதுக்கு முன்னாடியே பாக்ஸெல்லாம் எறக்கி அடுக்கிட்டு ஏலம் ஆரம்பிக்கற வரைக்கும் டீ குடிச்சிட்டு நின்னோம், பக்கத்துல தேன்கனிக்கோட்டை சைடுல இருந்து வந்த ஒருத்தரு, சூளகிரிக்காரர் ஒருத்தரு. எங்கப்பா "இந்த வருசம் வெள்ளாம ஒன்னும் கை குடுக்கல"ன்னாரு. தேன்கனிக்கோட்டைக்காரர் வீட்ல கன்னடம் போல, "பேசாய"ன்னு ஒரு வார்த்தை சொன்னாரு. சூளகிரிக்காரர் தெலுங்கு, அவரு "சேத்யம்"ங்கறாரு. மூணு பேரும் பேசறது ஒரே தக்காளிய பத்தி, ஒரே நஷ்டத்த பத்தி, ஆனா தொழிலுக்கு மூணு பேரு. அதே சமயம் விவசாயிக்கு மட்டும் அந்த ரெண்டு பேரும் ஒரே வார்த்தைதான் சொன்னாங்க, ஒருத்தரு "ரைத்த", இன்னொருத்தரு "ரைத்து". அன்னைக்கு பஸ்ல வரும்போது ஆரம்பிச்சது இது, ஒரு மாசமா வேற எதையும் படிக்கல.

முதல்ல அந்த பேசாய. அது நம்ம விவசாயம்தான், "வியவசாய"ங்கற சமஸ்கிருத வார்த்தை கன்னடக்காரங்க வாயில தேஞ்சு பேசாய ஆயிடுச்சு. சரி மூல வார்த்தைக்கு விவசாயம்னுதான் அர்த்தமான்னு பாத்தா இல்ல. முயற்சி, உறுதியா ஒன்னுல எறங்கறது, அதுதான் அர்த்தம். கீதையில ரெண்டாவது அத்தியாயத்துல "வியவசாயாத்மிகா புத்தி"ன்னு வருது, உறுதியான புத்தின்னு பொருள், அங்க ஏரும் இல்ல எருவும் இல்ல. இந்திக்காரங்ககிட்ட இன்னைக்கும் வியவசாயம்னா தொழில், வியாபாரம். தெற்க வந்துதான் அந்த வார்த்தை வயல்ல எறங்கிருக்கு. முயற்சின்னாலே அது உழவுதான்னு நம்ம பக்கத்து ஆளுங்க முடிவு பண்ணிட்டாங்கன்னு நெனக்கும்போது எனக்கு கொஞ்சம் பெருமையாவே இருந்துச்சு.

இதே வேலைய பிரெஞ்சுக்காரனும் பண்ணிருக்கான். லத்தீன்ல லபோர்னா பாடு, உழைப்பு. இங்கிலீஷ்ல லேபர்னு நாம சொல்றது அதுதான். அதே வார்த்தை பிரெஞ்சுல "லபூர்", அதுக்கு உழவு ஓட்டறதுன்னு அர்த்தம். ஸ்பானிஷ்ல "லப்ரதோர்"னா உழவன். பாடு படறதும் உழறதும் அவங்களுக்கு ஒரே வார்த்தை. இத படிச்சப்ப ஸ்கூல்ல மனப்பாடம் பண்ண குறள் டக்குனு ஞாபகம் வந்துச்சு, "சுழன்றும்ஏர்ப் பின்னது உலகம் அதனால் உழந்தும் உழவே தலை". உழத்தல்னா கஷ்டப்படறது. உழந்தும் உழவேன்னு வள்ளுவர் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்திருக்காரு பாருங்க. பத்தாவது படிக்கும்போது மார்க்குக்காக படிச்சேன், இப்பதான் அது காதுல விழுது.

அடுத்து ரைத்து. இதுதான் என்னை ரொம்ப நாள் தூங்க விடல, ஏன்னா இது நேரா நம்ம மண்ணுக்கு வந்து நிக்குது. மூலம் அரபு, "ரஇய்யத்". மேய்க்கற மந்தைன்னு அர்த்தம், ஆட்டு மந்தை. மேய்க்கறவன் ராஜா, மந்தை குடிமக்கள், அப்படியே குடிமக்கள்னு பொருள் வந்து, பாரசீகம் வழியா இந்தியாவுக்குள்ள வந்து, வரி கட்ற குடியானவன்னு ஆகி, கடைசியில இங்கிலீஷ்காரன் காகிதத்துல "ரயத்து" ஆயிடுச்சு. ரயத்துவாரின்னு ஹிஸ்டரி புக்ல படிச்சிருப்பீங்க, அது எங்க ஆரம்பிச்சதுன்னு நெனக்கறீங்க? இங்கதான். 1792ல ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில திப்பு சுல்தான் கம்பெனிக்கு விட்டுக்குடுத்த சீமைகள்ல நம்ம பாராமஹாலும் ஒன்னு, இன்னைக்கு தருமபுரி கிருஷ்ணகிரின்னு சொல்ற பகுதி. அத நிர்வாகம் பண்ண கேப்டன் அலெக்சாண்டர் ரீட் வந்தாரு, அவருக்கு உதவியாளரா தாமஸ் மன்றோ, சென்னையில குதிரை மேல சிலையா உக்காந்திருக்காரே அவரேதான். நெலத்த அளந்து, ஜமீன்தாரு நடுவுல இல்லாம ஒவ்வொரு உழவன்கிட்டயும் நேரா வரி போடற முறைய இங்கதான் போட்டு பழகுனாங்க, அப்புறம் மன்றோ 1820ல கவர்னர் ஆனதும் அது மெட்ராஸ் மாகாணம் முழுக்க போச்சு. எங்க வீட்டு பீரோவுல இருக்கற பட்டாவுக்கு கொள்ளுத்தாத்தா அந்த முறையிலதான் வந்திருக்கணும். நடுவுல ஜமீன்தார் இல்லாதது நல்லதுன்னுதான் நானும் நெனக்கறேன், ஆனா உழறவனுக்கு அந்த கணக்குல எழுதுன பேரு மந்தைங்கறத நெனச்சா மனசு ஒரு மாதிரி ஆகுது.

ஃபார்ம்ங்கற வார்த்தை இன்னும் மோசம். நான் இத்தன நாளா ஃபார்ம்னா வயல்னு நெனச்சிட்டு இருந்தேன். லத்தீன்ல "ஃபிர்மா"ன்னா நிலையா குறிச்ச தொகை, உறுதி பண்ண வாடகை. அதுல இருந்து பிரெஞ்சுல "ஃபெர்ம்", அதுல இருந்து ஃபார்ம். அப்ப நம்ம பாஷையில ஃபார்ம்னா சரியான வார்த்தை குத்தகை. ஃபார்மர்னா ஆரம்பத்துல குத்தகை எடுத்தவன், அதுலயும் வரி வசூல குத்தகை எடுத்தவன். இங்கிலீஷ்ல நெலத்துல வேலை செய்யறவனுக்கு அந்த பேரு ஒட்டுனது 16ஆம் நூற்றாண்டு கடைசி வாக்குலதான். பிரான்ஸ்ல ராஜாவுக்கு மொத்தமா ஒரு தொகைய கட்டிட்டு ஜனங்ககிட்ட வரிய வசூல் பண்ணிக்கற பெரிய குரூப் ஒன்னு இருந்துச்சு, அவங்க பேரும் ஃபெர்ம் வெச்சுதான் வரும். ஆக்ஸிஜனுக்கு பேரு வெச்ச விஞ்ஞானி லவாய்சியர் அதுல ஒரு பங்காளி, அதுக்காகத்தான் 1794ல புரட்சிக்காரங்க அவரு தலைய வெட்டுனாங்க. நெலத்துல கால் வெக்காதவங்களுக்கு இருந்த பேரு இன்னைக்கு உலகம் பூரா உழறவனோட பேரா இருக்கு.

இங்கதான் எனக்கு ஒன்னு புரிய ஆரம்பிச்சுது. இந்த வார்த்தைங்கள ரெண்டா பிரிக்கலாம், ஒன்னு ஏருக்கு பின்னாடி நடந்தவன் வெச்சது, இன்னொன்னு வரப்பு மேல நின்னு கணக்கு எழுதுனவன் வெச்சது. ரயத்தும் ஃபார்மரும் ரெண்டாவது ரகம். முதல் ரகம் தேட ஆரம்பிச்சப்புறம்தான் சந்தோசமா இருந்துச்சு.

துருக்கியில விவசாயிக்கு "சிஃப்ட்ச்சி"ன்னு பேரு. சிஃப்ட்னா ஜோடி. அவ்வளவுதான், ஜோடிக்காரன். ஜோடி மாடு வெச்சிருக்கறவன்! எங்க தாத்தா காலத்துல ஒருத்தரு எவ்ளோ பெரிய குடித்தனம்னு சொல்றதுக்கு "நாலு ஏர் மாடு கட்டியிருந்தாங்க"ன்னுதான் சொல்லுவாங்க, அந்த துருக்கிக்காரர எங்க தாத்தாவுக்கு பக்கத்துல கயித்துக்கட்டில்ல உக்கார வெச்சிருந்தா ரெண்டு பேரும் நல்லா பேசிருப்பாங்க. நாம தெனமும் சொல்ற ஏக்கராவும் மாட்டுக்கணக்குதான். பழைய இங்கிலீஷ்ல அதுக்கு வயல்னு மட்டும்தான் அர்த்தம், லத்தீன்ல "ஆகர்"னு ஒரு வார்த்தை இருக்கே, அக்ரிகல்ச்சர்ல வர்ற அக்ரி, அதுக்கு கூடப்பொறந்தது. அப்புறம் ஒரு ஜோடி மாடு ஒரு நாள்ல உழற நெலம்னு அளவா ஆச்சு. பெரியவங்க தூரத்துக்கு பர்லாங்னு சொல்லுவாங்க இல்ல, அது ஃபர்ரோ லாங், ஒரு சாலோட நீளம், மாடு மூச்சு வாங்காம இழுக்கற தூரம், 220 கஜம். பர்லாங் நீளம் 22 கஜம் அகலம், பெருக்கிப் பாத்தீங்கன்னா 4840 சதுர கஜம், அதான் ஒரு ஏக்கரா. ரியல் எஸ்டேட்காரங்க போர்டுல எழுதி வெக்கற நம்பருக்குள்ள ரெண்டு மாடு நடந்துட்டு இருக்கு.

சால்னு சொன்னதும் இன்னொன்னு. லத்தீன்ல சாலுக்கு "லிரா". சாலு விட்டு வெளிய போறது "தெலிராரே". காய்ச்சல் மண்டைக்கேறி ஒளர்றத டாக்டருங்க டெலிரியம்னு சொல்றாங்களே, அது அதுதான், சால் தப்புன மாடு. அதே மாதிரி செய்யுள் வரிக்கு இங்கிலீஷ்ல வெர்ஸ், அதோட மூலம் திரும்பறது, கடைசி வரைக்கும் ஓட்டிட்டு ஏரத் திருப்பறோமே அந்த திருப்பம். எழுதறவனையும் உழறவனையும் சேத்துப் பாத்தது ரோமாபுரிக்காரன் மட்டும் இல்ல, நம்மகிட்டயும் இருக்கு, "வில்லேர் உழவர் பகைகொளினும் கொள்ளற்க சொல்லேர் உழவர் பகை". சொல்ல ஏரா புடிச்சு உழறவங்களாம்.

கிருஷின்னு மலையாளத்துல சொல்றாங்க, கிஸான்னு இந்தியில சொல்றாங்க, ரெண்டுக்கும் வேர் "கிருஷ்", இழுக்கறதுன்னு அர்த்தம், ஆகர்ஷணம்ங்கறதும் அதே இழுப்புதான். டிராக்டர்ங்கற வார்த்தையும் லத்தீன்ல இழுக்கறது. மாட்ட வித்துட்டு டிராக்டர் வாங்குனாலும் வார்த்தை மாறல, இழுக்கற ஆள்தான் மாறிடுச்சு. அரபுல "ஃபல்லாஹ்"னா உழவன், மண்ண பொளக்கறவன். அதே வேர்ல இருந்து "ஃபலாஹ்", வெற்றி, ஈடேற்றம். கிருஷ்ணகிரி பழையபேட்டையில ரெண்டு வருசம் ரூம் எடுத்து தங்கியிருந்தப்ப அஞ்சு வேளையும் பாங்கு கேட்டிருக்கேன், "ஹய்ய அலல் ஃபலாஹ்", வெற்றியின் பக்கம் வாருங்கள்னு கூப்பிடறது. அதுக்குள்ள உழவு இருக்குன்னு அப்ப தெரியாது.

ஏர்ங்கற வார்த்தையும் லத்தீன்ல உழறதுக்கு சொல்ற "அராரே"வும் ஒன்னுன்னு ஃபார்வர்ட் மெசேஜ் வரும், சந்தோசத்துல நம்பிடாதீங்க. சத்தம் ஒத்துப் போறது மட்டும் போதாது, ஒரு குடும்பம் முழுக்க ஒழுங்கா ஒத்துப் போகணும், கன்னடம் தெலுங்குல ஏருக்கு கூடப்பொறந்ததுங்க இருக்கு, அந்த அராரேவுக்கு ஐரோப்பாவுல தனியா சொந்தக்காரங்க இருக்காங்க. நெஜமாவே ஊர் ஊரா நடந்த வார்த்தை வேணும்னா நாஞ்சில பாருங்க. நாஞ்சில்னா கலப்பை, நாஞ்சில் நாடுன்னு ஒரு நாடே இருக்கு. ஓசூர் பக்கம் கன்னடத்துல நேகிலு, தெலுங்குல நாகலி, சமஸ்கிருதத்துல லாங்கலம், ரிக்வேதத்துலயே இருக்கு, கடல் தாண்டி மலாய்ல தெங்காலா. சமஸ்கிருதத்துக்குள்ள அது வெளிய இருந்துதான் வந்திருக்கணும்னு மொழி ஆராய்ச்சி பண்றவங்கள்ல நெறைய பேரு ஒத்துக்கறாங்க. கலப்பைய ஒருத்தன் இன்னொருத்தன்கிட்ட கைமாத்தும்போது பேரயும் சேத்து குடுத்திருக்கான்.

எங்க பக்கம் பெரும்பாலும் மானாவாரி, வானத்த பாத்துதான் ராகி, சாமை, கொள்ளு, தொவர எல்லாம். அந்த மேட்டு நெலத்துக்கு நாங்க கொல்லைன்னு சொல்லுவோம், வேற மாவட்டத்துல கொல்லைன்னா வீட்டுக்கு பின்பக்கம், சேலம் தாண்டிட்டா அதுவே காடு. நஞ்சை புஞ்சைன்னு நாம பிரிக்கற மாதிரியே ஜப்பான்காரங்களும் பிரிச்சிருக்காங்க. சீன எழுத்துல கட்டம் போட்ட மாதிரி வயலுக்கு ஒரு எழுத்து இருக்கு, சீனாவுல அது எந்த வயலுக்கும் ஆகும், ஜப்பான்ல நெல்லு வயலுக்கு மட்டும். அப்ப புஞ்சைக்கு என்ன பண்றது? பக்கத்துல நெருப்புங்கற எழுத்த சேத்து புதுசா ஒரு எழுத்து அவங்களே உண்டாக்கி அத "ஹதாகே"ன்னு படிக்கறாங்க. நெருப்பு வயல். காட்ட எரிச்சு வெதைச்ச ஞாபகம்னு சொல்றாங்க. சித்திரை மாசம் பென்னாகரம் மேட்டுல நின்னு பாருங்க, அந்த எழுத்துக்கு விளக்கமே வேணாம்.

இதெல்லாம் சுத்திட்டு கடைசியா எங்கப்பா வாயில வந்த வெள்ளாமைக்கு வந்தேன். வெள்ளாமைங்கறது வேளாண்மைதான். திருக்குறள்ல உழவுன்னு தனி அதிகாரமே இருக்கு, 104வது, அந்த பத்து குறள்ல ஒன்னுல கூட வேளாண்மைங்கற வார்த்தை இல்ல. அது எங்க இருக்குன்னா விருந்தோம்பல்ல. "இருந்தோம்பி இல்வாழ்வ தெல்லாம் விருந்தோம்பி வேளாண்மை செய்தற் பொருட்டு". பரிமேலழகர் அதுக்கு உபகாரம்னு உரை சொல்றாரு. வந்தவங்களுக்கு குடுக்கறதுதான் வேளாண்மை. அதே அதிகாரத்துல இன்னொன்னு, விருந்தாளிக்கு போட்டுட்டு மிச்சத்த சாப்பிடறவன் நெலத்துல வெத போடவும் வேணுமான்னு கேக்கறாரு. குடுக்கறதுக்கு இருந்த பேரு அப்புறம் வெளைய வெக்கறதுக்கு பேரா ஆயிடுச்சு. உலகத்துல வேற எங்கயாச்சும் இப்படி இருக்கான்னு தேடுனேன், ஜெர்மன்ல கிடைச்சுது. விவசாயிக்கு அவங்க "லாந்த்விர்ட்"னு சொல்றாங்க, லாந்த் நெலம், விர்ட்னா விருந்து கவனிக்கறவன், சத்திரம் நடத்தறவனுக்கும் அதே பேருதான்.

இத படிச்சப்ப எங்க ஆயா ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் போன கீழ வெச்சுட்டேன். ராகி அடிச்சு களத்துல குமிச்சிருக்கும்போது யாரு வந்தாலும் ஒரு மொறம் அள்ளிப் போட்டுட்டுத்தான் மூட்டை புடிக்க விடும். அந்த வருசம் மூணே மூட்டைதான், அப்பவும் வந்தவங்கள வெறுங்கையோட அனுப்பல. அப்பா கோச்சுக்குவாரு. "வெள்ளாமைன்னா அதுதான்டா"ன்னு ஆயா சொல்லும், நான் அத விளைச்சல்ல இவ்ளோதான் வந்துச்சுன்னு சொல்றதா நெனச்சிட்டு இருந்தேன்.

வரி வாங்குனவன் வெச்ச வார்த்தை எங்கயும் போகாது, அது காகிதத்துல இருக்கு, ஆபீஸ்ல இருக்கு. ஏரு பின்னாடி நடந்தவன் வெச்சது வாயில மட்டும்தான் இருக்கு, அதுதான் பயமா இருக்கு. எங்க வீட்ல மாட்ட வித்து வருசமாச்சு, தாத்தாவோட கலப்பை மாட்டுக்கொட்டாய் பரண்ல கெடக்குது. போன ஞாயித்துக்கிழமை அத எறக்கி தொடச்சு அப்பாவ பக்கத்துல உக்கார வெச்சு ஒவ்வொன்னா காட்டி பேரு கேட்டு நோட்டுல எழுதுனேன். மேழி, கொழு, ஏர்க்கால், நுகத்தடி, பூட்டாங்கயிறு, எல்லாம் டக் டக்குனு சொன்னாரு. ஏர்க்காலும் கலப்பையும் சேர்ற எடத்துல ஆழத்துக்கு ஏத்த மாதிரி அடிச்சு எறக்கற மாதிரி ஒரு சின்ன மரத்துண்டு இருக்கு, அத தொட்டு தொட்டு பாத்துட்டு ரொம்ப நேரம் யோசிச்சாரு, அதுக்கு ஒரு பேரு இருந்துச்சே, அப்பா கூப்பிடுவாரே, நாக்குல நிக்குதுன்னாரு. வரல. சாயங்காலம் சாப்பிடும்போதும் அதையே யோசிச்சிட்டு இருந்தாரு. மேலத்தெருவுல ஏர் ஓட்டுன பெரியவரு ஒருத்தரு இருக்காரு, எண்பது தாண்டிடுச்சு, காது மட்டும் கொஞ்சம் மந்தம். இந்த ஞாயிறு அந்த துண்ட கையில எடுத்துட்டு அவருகிட்ட போகப்போறேன், அப்பாவும் வர்றேன்னிருக்காரு.