விளக்கை அணைக்கப் பழகிய கதை

1996 ஆகஸ்ட் 3 அன்று தீபகற்ப மலேசியா முழுவதும் மின்சாரம் நின்றுபோனபோது எனக்கு வயது 6. கோலாலம்பூரின் செந்தூல் பகுதியில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், மெழுகுவர்த்தி வாங்கி வருவதாக அண்டை வீட்டுக்குப் போன பாட்டி பேச்சுவாக்கில் அங்கேயே நின்றுவிட, நான் இருண்ட கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். பாட்டி திரும்பியது 10 நிமிடத்தில் என்று அம்மா சொல்வார். எனக்கு அது நினைவில்லை. அதன்பின் சுமார் 25 ஆண்டுகள் நான் விளக்கை அணைத்துத் தூங்கியதில்லை.

திருமணமான பிறகு, அதிகாலைப் பணிக்குச் செல்லும் என் கணவர் கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு படுப்பார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் என்னை உறுத்தியது. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டி மருத்துவரைப் பார்த்து, அவர் கொடுத்த கடிதத்தோடு உளவியலாளரிடம் சென்றேன்.

இருட்டில் சிறு சத்தத்துக்கும் கூடுதலாகத் திடுக்கிடுவது மனித உடலின் இயல்பு என்றும், கண் இருட்டுக்கு நன்கு பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும் என்றும் அவர் விளக்கினார். நானோ முதல் நிமிடத்திலேயே சுவிட்சைத் தட்டிவிடுவேன். இருட்டின் மிகக் கடினமான பகுதியை மட்டும் பார்த்துவிட்டு ஓடியிருக்கிறேன். ஓடும்போதெல்லாம் கிடைத்த நிம்மதியே பயத்துக்குத் தீனியாகியிருக்கிறது.

ஒவ்வோர் இருட்டான இடமும் தரும் பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் இட்டு, குறைவானதிலிருந்து தொடங்கி இருட்டில் உட்கார்ந்து பழகினேன். மதிப்பெண் பாதியாகும்வரை எழுந்திருக்கக் கூடாது; கைப்பேசி வெளிச்சமும் கூடாது. மனத்துக்குள் கவசம் சொல்வதையும் விடச் சொன்னபோது மட்டும் சற்று முரண்டு பிடித்தேன்.

இரண்டாம் வாரம், கூடத்தில் விளக்கை அணைத்து உட்கார்ந்தபோது குளிர்பெட்டி சட்டென்று உறுமியது: 80. சுவரோரம் யாரோ குந்தியிருந்தார். உள்ளங்கை வியர்க்க அந்த உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிறிது சிறிதாக அதற்கு விளிம்பு வந்தது, பிறகு காலர் வந்தது. நாற்காலியில் கணவரின் சீருடைச் சட்டை. மதிப்பெண் 35-க்கு இறங்கியதும் எழுந்துபோய் அதைத் தொட்டேன்.

நடுவில் கணவர் ஈப்போவுக்குப் போன 2 இரவுகளும் வீடு முழுக்க விளக்கு எரிந்தது. வெட்கத்தோடு ஒப்புக்கொண்டேன், உளவியலாளர் ஒரு படி கீழிறங்கித் தொடரச் சொன்னார், அவ்வளவுதான்.

இப்போது படுக்கையறையில் விளக்கு எரிவதில்லை. அடித்தளக் கார் நிறுத்துமிடம் மட்டும் இன்னும் 50-இல் நிற்கிறது. வியாழக்கிழமைகளில் கணவர் மின்தூக்கி அருகே காத்திருக்க, கடைசித் தூண்வரை நடந்துவிட்டுத் திரும்புகிறேன்.