மஞ்சள் சட்டைக்காரரும் எங்கள் விடுமுறையும்

மூன்று நாள் குடும்பச் சுற்றுலாவை முழுமையாகப் படம்பிடித்து ஆவணமாக்கும் பொறுப்பை என்னிடம் யாரும் ஒப்படைக்கவில்லை, நானாகவே எடுத்துக்கொண்டேன். கேளிக்கைப் பூங்காவுக்குப் போவதென்று முடிவான அன்று, கொண்டு செல்ல வேண்டிய துணிமணிகளுக்கு என் மனைவி ஒரு பட்டியல் போட, எடுக்க வேண்டிய காட்சிகளுக்கு நான் ஒரு பட்டியல் போட்டேன். அவருடையது அரைப் பக்கத்தில் முடிந்தது. என்னுடையது நான்கு பக்கம் ஓடியது. அதில் ‘நுழைவாயில் – தூரக் காட்சி’, ‘நுழைவாயில் – நடுத்தரக் காட்சி’, ‘நுழைவாயில் – குழந்தைகளின் கண்களில் வியப்பு – நெருக்கக் காட்சி’ என்று நுழைவாயிலுக்கு மட்டுமே ஒரு பக்கம் போயிருந்தது. பதினான்கு வயது மகன் அதைப் படித்துவிட்டு, “வியப்பு எத்தனை மணிக்கு வர வேண்டும்?” என்று மட்டும் கேட்டான்.

கருவிகளிலும் குறை வைக்கவில்லை. கை நடுங்கினாலும் படம் நடுங்காமல் பார்த்துக்கொள்ளும் கிம்பல் ஒன்றை வாங்கினேன். கைப்பேசியை அதில் பொருத்திவிட்டால், அதன் மூன்று மோட்டார்களும் நம் கை ஆடும் திசைக்கு எதிர்த்திசையில் திரும்பித் திரும்பிப் படத்தை நிலையாக வைத்திருக்கும். ஒருவருடைய உருவத்தைத் திரையில் தொட்டுக் காட்டினால், அவர் போகுமிடமெல்லாம் தானே தலையைத் திருப்பிப் பின்தொடரவும் செய்யும். இந்த இரண்டாவது வித்தைதான் பின்னால் எங்கள் குடும்ப வரலாற்றில் நீங்காத இடம் பெற்றது. அதைப் பிறகு சொல்கிறேன்.

1965ஆம் ஆண்டு வந்த, வீட்டில் படமெடுப்பதற்கான சூப்பர் 8 படச்சுருளின் நீளம் 50 அடி. விநாடிக்கு 18 சட்டகம் (ஃபிரேம்) என்ற கணக்கில் ஓட்டினால் 3 நிமிடம் 20 விநாடியில் அது தீர்ந்துவிடும். அந்தக் காலத்துக் குடும்பத் தலைவர் பொத்தானை அழுத்துமுன் ஒரு கணம் யோசித்திருப்பார். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. 4கே தரத்தில் ஒரு நிமிடக் காணொளி என் கைப்பேசியில் ஏறக்குறைய 170 எம்பி இடத்தைப் பிடிக்கும். 128 ஜிபி கொள்ளளவு இருப்பதால் 12 மணி நேரத்துக்கு மேல் எடுக்கலாம் என்று காகிதத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கைப்பேசிக்குள் ஏற்கெனவே குடியிருப்பவர்களைக் கணக்கில் சேர்க்கத்தான் மறந்துவிட்டேன். முதல் நாள் முற்பகலிலேயே, ஒரு நீண்ட வரிசையின் நடுவில், இனி இடமில்லை என்று அது அறிவித்துவிட்டது.

வரிசையில் நின்றபடியே வெளியேற்றும் பணியைத் தொடங்கினேன். என் அம்மா குடும்பக் குழுவில் நாள்தோறும் அனுப்பி வந்த காலை வணக்கப் படங்கள் இரண்டாயிரத்துக்கு மேல் சேர்ந்திருந்தன. பூவும் சூரியனுமாக இருந்த அத்தனையையும் ஒரே மூச்சில் அழித்ததில் கிடைத்த இடம் இரண்டரை நிமிடக் காணொளிக்குத்தான் போதுமானதாக இருந்தது. அருகில் நின்று அதைப் பார்த்துவிட்ட அம்மாவின் வருத்தமோ மாலை வரை நீடித்தது. கடைசியில், முந்தைய விடுமுறைகளில் நான் எடுத்து, இதுவரை எவரும் ஒருமுறைகூடப் பார்த்திராத காணொளிகளை மனைவியின் கைப்பேசிக்கு மாற்றி, அவருடைய இடத்தையும் நிரப்பினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. திருமணமான இத்தனை ஆண்டுகளில் அந்த ஒன்றும் சொல்லாமையின் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும்.

இதற்கெல்லாம் முன்பே நுழைவாயில் காட்சி முடிந்திருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். குடும்பம் வாயிலை நோக்கி நடந்து வரும் காட்சியை மூன்று முறை எடுத்தேன். முதல் முறை மகள் தும்மினாள். இரண்டாம் முறை எல்லாம் சரியாக அமைந்தது, ஆனால் நான் பொத்தானை அழுத்தியிருக்கவில்லை. மூன்றாம் முறை எங்களைப் பின்பற்றினால்தான் உள்ளே போகும் வழி கிடைக்கும் என்று நம்பிய வேறொரு குடும்பமும் எங்களோடு சேர்ந்து முன்னும் பின்னும் நடந்தது. காணொளியில் முகமலர்ச்சியோடு வருபவர்கள் அவர்கள்தாம்.

ரோலர் கோஸ்டரில் கையில் எதையும் எடுத்துச் செல்லக் கூடாது என்பது பூங்காவின் விதி. நியாயமான விதிதான், அந்த உயரத்திலிருந்து விழும் கைப்பேசி கீழே நிற்பவர் தலைக்கு எமனாகிவிடும். ஆகவே மனைவியையும் பிள்ளைகளையும் ஏற்றிவிட்டு, நான் கீழே தடுப்புக்கம்பி ஓரத்தில் நல்ல கோணம் பார்த்து நின்றுகொண்டேன். வண்டி உச்சியை நோக்கி ஏறும்போது கடகடவென்று கேட்கும் சத்தம், சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கிச் சரியாதபடி பற்களில் விழுந்து விழுந்து பிடித்துக்கொள்ளும் கொக்கியின் சத்தம் என்று பட்டியல் தயாரித்த நாள்களில் படித்திருந்தேன். அந்தத் தகவலை நேர்முக வருணனையாகச் சொல்லிக்கொண்டே படம்பிடித்தேன். வண்டி உச்சியைத் தொட்டுத் தலைகீழாகப் பாய்ந்தபோது, முன்வரிசையில் இருவர் கை தூக்கியது தெரிந்தது. “அதோ பாருங்கள், சிறிதும் அஞ்சாமல் கையசைக்கிறார்கள் என் பிள்ளைகள்!” என்று தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தி, நானும் இடக்கையைத் தூக்கி வீசி வீசி அசைத்தேன்.

வண்டி நின்றது. அதிலிருந்து இறங்கியவர்களில் என் குடும்பத்தார் ஒருவருமில்லை. திரும்பிப் பார்த்தால், அவர்கள் எனக்கு நான்கடி பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். முந்தைய வண்டியிலேயே போய் வந்துவிட்டார்களாம். நான் யாருக்கோ கையசைப்பதைப் பார்த்து, யார் என்று தெரியாமலேயே மரியாதைக்காக அவர்களும் சேர்ந்து கையசைத்திருக்கிறார்கள். மறுபடி ஏறுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

இருட்டுக் குகை சவாரியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வெளிச்சம் போடக் கூடாது என்று எழுதியிருந்தார்கள், நானும் போடவில்லை. எனவே ஏழு நிமிடங்களுக்குக் கறுப்புத் திரையில் அலறல் மட்டும் கேட்கிறது. வானொலி நாடகம் என்று வைத்துக்கொண்டால் தரமானது. அலறல்களுக்கு நடுவே ‘அம்மா!’ என்று பெருங்குரலில் ஒருவர் கத்துவது மகளின் குரல் என்று நான் சாதித்து வருகிறேன். மகள் அன்று அந்தச் சவாரிக்கே வரவில்லை என்று மற்றவர்கள் சொல்கிறார்கள்.

குதிரை ராட்டினத்தில் என் அம்மாவை ஏற்றியது, காலை வணக்கங்களை அழித்த பாவத்துக்குப் பரிகாரமாகத்தான். எழுபது வயதுக்கு மேல் வெள்ளைக் குதிரையில் அமர்ந்து ஒரு கையால் கம்பியையும் மறு கையால் கைப்பையையும் பற்றியபடி அவர் வலம் வந்தது உண்மையிலேயே கண்கொள்ளாக் காட்சி. அதை எடுக்கும்போதுதான் என் கட்டைவிரல் மெதுவியக்கப் பொத்தானில் பட்டிருக்கிறது. விநாடிக்கு 240 சட்டகங்கள் எடுத்து, அதையே விநாடிக்கு 30 என்ற வேகத்தில் ஓட்டிக் காட்டும் முறை அது. ஒரு நிமிடம் எட்டு நிமிடமாகும். மூன்று நிமிட ராட்டினம் இப்படியாக 24 நிமிடப் பெருங்காப்பியமானது. குதிரை மேலே எழுவதற்குள் ஒரு பாட்டம் கொட்டாவி விட்டு முடிக்கலாம். பின்னணியில் குழந்தைகளின் சிரிப்பொலி கிணற்றுக்குள்ளிருந்து யானை பேசுவதுபோல் கேட்கிறது. அம்மா மட்டும் சலனமற்ற முகத்தோடு, போர் முடிந்து நாடு திரும்பும் அரசியைப்போல், மிக மெல்ல உயர்ந்து, மிக மெல்லத் தாழ்ந்து, மிக மெல்லத் தூணுக்குப் பின்னால் மறைகிறார். இரண்டு நிமிடங்களுக்குப் பிறகு திரும்ப வருகிறார்.

அதை இயல்பான வேகத்துக்கு மாற்றிவிடலாம் என்று மகன் பின்னர் சொன்னான். அம்மா இடம் கொடுக்கவில்லை. “நீ எடுத்ததிலேயே இது ஒன்றுதான் நிதானமாக இருக்கிறது” என்று தீர்ப்பளித்துவிட்டார்.

நீர்ச்சறுக்குப் படகுக்குக் கைப்பேசியை ஒரு நெகிழி உறையில் போட்டு எடுத்துச் சென்றேன். வெளித்தண்ணீர் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகவில்லை. உறைக்குள் இருந்த ஈரக்காற்றே ஆவியாகப் படிந்து கண்ணாடியை மூடிவிட்டது. போதாக்குறைக்கு, உறைமேல் தெறித்த நீர்த்துளிகளை விரல்களென்று நினைத்துக்கொண்ட தொடுதிரை, தன் இஷ்டத்துக்குப் பொத்தான்களை அழுத்தத் தொடங்கிற்று. அதில் முன்பக்கக் கேமரா திறந்து, மூடுபனிக்கு நடுவில் என் முகவாய்க்கட்டை நான்கு விநாடி பதிவாகியிருக்கிறது. இதை ஏன் குறிப்பிடுகிறேன் என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

மூன்றாம் நாள் மாலை அணிவகுப்பு. பொம்மை வேடமிட்டவர்கள் ஆடிப்பாடி வர, வேடிக்கை பார்க்கும் மகளின் முகபாவங்களைத் தொடர்ந்து எடுப்பதுதான் என் நான்கு பக்கத் திட்டத்தின் உச்சக்கட்டம். மகள் மஞ்சள் சட்டை அணிந்திருந்தாள். திரையில் அவளைத் தொட்டுக் காட்டி, கிம்பலைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். வெயில் எதிரில் அடித்ததால் திரையில் என்ன ஓடுகிறது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் கிம்பல் சுறுசுறுப்பாகத் தலையைத் திருப்பித் திருப்பி வேலை செய்துகொண்டிருந்தது. வாங்கிய பொருள் வீண்போகவில்லை என்று மனநிறைவோடு கை வலியைப் பொறுத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பிய மறுநாள் மாலை, விளக்கை அணைத்து, தொலைக்காட்சியில் கைப்பேசியை இணைத்து, அனைவரையும் அமர வைத்தேன். மொத்தம் ஆறு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம். முதல் அரை மணியில் மகன் தூங்கிப்போனான். மகள் ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு எதையோ கோடு கோடாகக் கிழித்து எண்ணிக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, “நீங்கள் ‘இங்கே பார், கையை ஆட்டு’ என்று எத்தனை முறை சொல்கிறீர்கள் என்று எண்ணுகிறேன், அப்பா” என்றாள். அப்போதே எண்பத்து மூன்று ஆகியிருந்தது.

“எல்லாம் சரி, நீ எங்கேடா? நீ எங்களோடு வரவில்லையா?” என்று கேட்டார் அம்மா. நீர்ச்சறுக்கில் கிடைத்த முகவாய்க்கட்டையைச் சுட்டிக்காட்டினேன். அவர் அதைப் படகின் ஒரு பாகம் என்று நினைத்திருக்கிறார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. 1895ஆம் ஆண்டிலேயே லூயி லூமியேர் என்ற பிரெஞ்சுக்காரர், தம் அண்ணனும் அண்ணியும் தோட்டத்தில் அமர்ந்து குழந்தைக்கு உணவூட்டுவதைப் படம்பிடித்தார் என்றும், திரையுலகின் முதல் குடும்பக் காணொளி என்று சொல்லத்தக்க அதிலும் எடுத்தவரைக் காண முடியாது என்றும், ஆகவே இது நூற்று முப்பது ஆண்டு மரபு என்றும் சற்று நீளமாகவே விளக்கினேன். “அதில் குழந்தையாவது தெரிந்தது அல்லவா?” என்றார் மனைவி. தூங்குகிறான் என்று நான் நினைத்த மகன் கண்ணைத் திறக்காமலேயே, “அந்தப் படம் ஒரு நிமிடங்கூட ஓடாது” என்றான்.

அந்த நேரத்தில்தான் அணிவகுப்புக் காட்சி வந்தது. மஞ்சள் சட்டை திரையின் நட்ட நடுவில், துளி நடுக்கமின்றி, துல்லியமாகத் தெரிந்தது. ஆனால் அதற்குள் இருந்தவர் என் மகள் அல்லர். ஐம்பது வயது மதிக்கத்தக்க, மீசை வைத்த, முன்பின் அறியாத ஒருவர். தொட்டுக் காட்டிய சில விநாடிகளிலேயே மகளுக்கு முன்னால் அவர் கடந்து போக, கிம்பல் சட்டையின் நிறத்தை நம்பி அவரோடு போய்விட்டிருக்கிறது. அடுத்த பதினொரு நிமிடங்களுக்கு அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைக்கிறார். ஒரு சிறுவனின் காலணி நாடாவைக் குனிந்து கட்டிவிடுகிறார். எங்கோ பார்த்துச் சிரிக்கிறார். மனைவியிடம் எதற்கோ திட்டு வாங்குகிறார். வாங்கிய பின் யாராவது பார்த்தார்களா என்று இருபுறமும் பார்க்கிறார். அணிவகுப்பில் ஆடிய பொம்மைகளின் காதுநுனி மட்டும் திரையின் ஓரத்தில் அவ்வப்போது வந்து போகிறது.

நான் நிறுத்தப் போனேன். “இருக்கட்டும், இருக்கட்டும்” என்று நான்கு பேரும் ஒரே குரலில் தடுத்தார்கள். மகன் எழுந்து நேராக உட்கார்ந்துவிட்டான். திட்டு வாங்கிய இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார் மனைவி. அந்த அம்மாள் என்ன சொல்லியிருப்பார் என்று அவருக்கும் அம்மாவுக்கும் இடையே ஒரு விவாதமே நடந்தது. கைப்பேசியைக் கீழே வைக்கச் சொல்லியிருப்பார் என்பதில் இருவரும் விரைவில் உடன்பட்டார்கள். ஆம், அவர் கையிலும் ஒரு கைப்பேசி இருந்தது. கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தபோது, அது என்னுடையதைப் போன்ற ஒரு கிம்பலில் பொருத்தப்பட்டிருப்பதும் தெரிந்தது.

கடைசி அரை நிமிடத்தில் அவர் அதை மெல்லத் தலைக்கு மேலே உயர்த்துகிறார். கிம்பல் இடமும் வலமும் தடுமாறித் திரும்பி, எதையோ பிடித்துக்கொண்டதுபோல், நேராக எங்களை நோக்கி நிலைத்து நிற்கிறது. அவருடைய பார்வை வேறெங்கோ இருக்க, கைப்பேசியின் கேமராக் கண் மட்டும் அசையாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருக்க, அப்படியே காணொளி முடிகிறது.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. மகள்தான் நோட்டுப்புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னாள்: “பாட்டி, அப்பா எங்கே என்று கேட்டீர்களே. அப்பா அவர் வீட்டில் இருக்கிறார்.”