படிப்பு சரிகிறதா? சுற்றியிருந்த ஏற்பாட்டில் என்ன போனது என்று முதலில் பாருங்கள்

பள்ளியில் முதல் இடம் வாங்கிக்கொண்டிருந்தவர் கல்லூரியின் முதல் உள்தேர்வில் பாதி மதிப்பெண்கூட வராமல் திகைத்து நிற்பார். பத்து வருடம் வேலை பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தவருக்கு இரண்டு பக்கம் தாண்டாது. குழந்தை பிறந்த பிறகு விட்ட பட்டத்தை முடிக்க வந்தவர், வேலை போனதால் புதுத் துறைக்குப் படிப்பவர் என்று எல்லோரும் கடைசியில் சொல்வது ஒன்றைத்தான்: "முன்னே மாதிரி மண்டையில ஏறல." பெரும்பாலும் இது தவறான முடிவு. மண்டை அப்படியேதான் இருக்கிறது. அதைத் தாங்கிக்கொண்டிருந்த ஏற்பாடு போய்விட்டது.

பள்ளியில் மணி அடித்தது. வீட்டுப்பாடத்தை மறுநாளே ஒருவர் பார்த்தார். காலையில் யாரோ எழுப்பினார்கள், வராத நாளில் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருந்தது. மதிப்பெண் வரும்போது இவற்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பந்தலைப் பிரித்துவிட்டால் கொடி தரையில்தான் விழும். கொடியைத் திட்டிப் பயனில்லை.

மாற்றம் எவ்வளவு பாரம் என்பதை அளக்க ஒரு பழைய கருவி உண்டு. 1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரு மருத்துவர்கள் 43 வாழ்க்கை நிகழ்வுகளுக்குப் புள்ளி கொடுத்து ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். வாழ்க்கைத்துணையின் இறப்புக்கு 100, விவாகரத்துக்கு 73, திருமணத்துக்கு 50, வேலை இழப்புக்கு 47. மகிழ்ச்சியான நிகழ்வும் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். சிறியவை கூடிப் பெரிதாவதையும் கவனியுங்கள்: படிப்பு தொடங்குவது 26, இருப்பிடம் மாறுவது 20, பழகும் வட்டம் மாறுவது 18, தூக்க நேரம் மாறுவது 16, சாப்பாட்டுப் பழக்கம் மாறுவது 15. விடுதியில் சேரும் ஒருவருக்கு இந்த ஐந்தும் ஒரே வாரத்தில் நடக்கின்றன, கூட்டினால் 95. இவை பலர் தந்த மதிப்பீடுகளின் சராசரி மட்டுமே. உங்கள் உடல்நிலையை இதை வைத்துக் கணிக்கக் கூடாது. ஆனால் "எனக்கு என்ன பெரிதாக நடந்துவிட்டது?" என்று தன்னையே குறை சொல்பவருக்கு இந்தக் கூட்டல் ஒரு நியாயமான பதில்.

முதல் வேலை: இரண்டு பத்திகள்

ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் "முன்பு", வலப்பக்கம் "இப்போது". கேள்விகள் ஆறு போதும். என்னை எழுப்பியது யார்? இன்று என்ன படிக்க வேண்டும் என்று சொன்னது யார்? எங்கே உட்கார்ந்தேன்? எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன்? புரியாததை யாரிடம் கேட்டேன்? நான் படிக்காவிட்டால் யாருக்குத் தெரிந்தது?

அதிகம் காலியாகக் கிடப்பது கடைசிக் கேள்விக்கு எதிரே உள்ள வலப்பக்கம்தான். கல்லூரியில் ஒரு மாதம் படிக்காமல் இருந்தாலும் யாருக்கும் தெரியாது. தேர்வு முடிவு வரும்போதுதான் தெரியும். அந்தக் காலியிடத்தை மனவுறுதியால் நிரப்பப் பார்க்காதீர்கள், ஆளால் நிரப்புங்கள். வகுப்பில் ஒருவரோடு பேசி வைத்துக்கொண்டு, தினமும் இரவு ஒரே நேரத்தில் அன்று எழுதிய ஒரு பக்கத்தைப் படம் எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்புங்கள். பாராட்டு வேண்டாம், விமர்சனம் வேண்டாம். வராத நாளில் "இன்னிக்கு வரலையே?" என்று ஒரு வரி கேட்டால் போதும். காலியாக இருக்கும் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் சரிசெய்ய முயல வேண்டாம். இரண்டை எடுங்கள், அவை நின்றபின் அடுத்த இரண்டு.

நான்சி ஸ்லாஸ்பெர்க் என்ற ஆலோசனை உளவியலாளர் மாற்றத்தைச் சமாளிப்பதை நான்கு பக்கமாகப் பிரித்துப் பார்த்தார்: சூழ்நிலை, தான், ஆதரவு, உத்தி. நடைமுறையில் நடப்பது என்னவென்றால், ஓட்டை ஆதரவில் இருக்கும்போது ஆட்கள் 'தான்' பக்கத்தையே சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள். தன்னம்பிக்கைக் காணொளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தும் மதிப்பெண் நகராததற்கு இது முக்கியக் காரணம்.

கால அட்டவணை ஏன் ஒரே வாரத்தில் உடைகிறது

காலியாக இருக்கும் மணிநேரத்தை எல்லாம் படிப்பால் நிரப்பிவிடுவதால்தான். நாளில் 5 மணி நேரம் கிடைக்கிறது என்றால் 3 மணி நேரத்துக்குத் திட்டம் போடுங்கள். மீதி, தவறியதைப் பிடிக்க. அந்த இடைவெளி இல்லாத அட்டவணை முதல் காய்ச்சலிலேயே செத்துவிடும்.

தூங்கும் நேரத்தைக் கட்டுப்படுத்துவது கடினம், எழும் நேரத்தைக் கட்டுப்படுத்தலாம். அதனால் எழும் நேரத்தை மட்டும் விடுமுறை நாள் உட்பட ஒன்றாக வையுங்கள். சில வாரங்களில் தூக்கம் தானாக அதற்குப் பின்னால் வரும். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். காபியில் உள்ள காஃபீன் உடலில் பாதியாகக் குறையச் சுமார் 5 மணி நேரம் ஆகும் என்பதால், மாலை 6 மணிக் கோப்பையின் பாதி இரவு 11 மணிக்கும் உள்ளே இருக்கிறது. படுத்து 20 நிமிடம் போல் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள். கட்டிலில் படிக்கவே வேண்டாம். படுக்கை தூக்கத்துக்கு என்ற பழக்கம் கலைந்தால் மீட்பது சிரமம்.

படிக்கும் வேளையைக் கடிகாரத்தோடு கட்டுவதைவிட, ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒரு செயலோடு கட்டினால் நிற்கும். "இரவு தட்டைக் கழுவி வைத்ததும் மேசையில் உட்கார்ந்து நேற்றைய பாடத்தில் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுவேன்" என்ற அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் காட்டியது இதுதான்: "இது நடந்தால் அதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள், வெறும் ஆசையோடு நிறுத்தியவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற பேச்சை மறந்துவிடுங்கள். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர இடைநிலையாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை மாறியது. ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. 25ஆம் நாளில் இன்னும் தள்ளிக்கொண்டுதான் உட்கார வேண்டியிருக்கிறது என்றால் நீங்கள் தோற்கவில்லை, இன்னும் வழியில்தான் இருக்கிறீர்கள்.

வேலையும் குடும்பமும் உள்ளவர்கள் இரண்டு அளவு வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல நாளுக்கு 50 நிமிடம், மோசமான நாளுக்கு 12 நிமிடம். அந்த 12 நிமிடத்தில் என்ன செய்வது என்பதை முன்பே எழுதி மேசையில் வைத்துவிடுங்கள்: பழைய ஐந்து கேள்விகள், அவ்வளவுதான். களைத்த நேரத்தில் உங்களால் முடிவெடுக்க முடியாது, எழுதி வைத்ததைச் செய்ய முடியும்.

பள்ளி முறை இங்கே ஏன் எடுபடவில்லை

பள்ளியில் ஒரே பாடத்தை ஆசிரியர் பலமுறை திருப்பினார், வாராவாரம் தேர்வு வைத்தார். அதாவது உங்களை நினைவுகூர வைக்கும் வேலையை அவர் செய்தார். கல்லூரியில் அது நின்றுபோகிறது. கையில் மிஞ்சுவது திரும்பத் திரும்ப வாசிப்பது மட்டும். வாசிக்க வாசிக்கப் பக்கம் பழகிப்போகும், பழகியதைத் தெரிந்ததாக நம்பிவிடுவோம். ரோடிகர், கார்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மீண்டும் வாசித்தவர்கள் முன்னே. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் புத்தகத்தை மூடி நினைவுகூர்ந்தவர்கள் தெளிவாக முன்னே. தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

இதைச் செய்யும் விதம்: 25 நிமிடம் வாசியுங்கள், கோடு போடாமல். மூடுங்கள். வெற்றுத்தாளில் 8 நிமிடம், நினைவில் உள்ளதை நீல மையில் எழுதுங்கள். வரைபடம், சூத்திரம், பாதி வாக்கியம் எதுவானாலும் சரி. இரண்டாம் நிமிடத்தில் ஒன்றுமே இல்லை என்று தோன்றும், கை நிற்கும். அங்கேதான் எல்லோரும் புத்தகத்தைத் திறந்துவிடுகிறார்கள். திறக்காதீர்கள், தலைப்பு என்ன, முதல் படம் எது என்று ஒரு நுனியைப் பிடித்தால் அடுத்தது வரும். நேரம் முடிந்ததும் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேருங்கள். மறுநாள் படிக்க வேண்டியது அந்தச் சிவப்பு மட்டும்தான். பிறகு நான்காம் நாள், பத்தாம் நாள், ஒரு மாதம் கழித்து என்று அதே தலைப்பைப் புதுத்தாளில் எழுதிப் பாருங்கள். சிவப்பு சுருங்கிக்கொண்டே வரும்.

இடைவெளி விட்டுத் திரும்பியவர்களுக்கு இரண்டு தனிச் சிக்கல்கள் உண்டு. ஒன்று கை. வருடக்கணக்கில் விசைப்பலகையே பழகிய கை, 3 மணி நேரத் தேர்வில் ஒரு மணி நேரத்தில் வலிக்கும், எழுத்து கலையும், தெரிந்த பதிலே பாதியில் நிற்கும். தினமும் 20 நிமிடக் கையெழுத்தில் தொடங்கி, தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே முழு நீள வினாத்தாளை நேரம் வைத்து எழுதும் நிலைக்கு வந்துவிட வேண்டும். மற்றொன்று அனுபவம். பாடத்தைப் புரிந்துகொள்ள அது பெரிய துணை, ஆனால் விடைத்தாளில் "நடைமுறையில் இப்படித்தான் நடக்கும்" என்று எழுதினால் மதிப்பெண் வராது. முதல் வரியில் பாடத்தின் கலைச்சொல்லும் வரையறையும், அடுத்து எடுத்துக்காட்டாக உங்கள் அனுபவம். இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால் இழக்கும் மதிப்பெண் ஏராளம்.

உட்காரும் பழக்கமும் விட்டுப்போயிருக்கும். முதல் வாரம் ஒரே மூச்சில் 15 நிமிடம், பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள். நினைவாற்றல் போய்விட்டது என்று பயப்படுகிறவர்கள் பலருக்கு உண்மையில் நடப்பது, நொடிக்கு நொடி கவனம் அறுபடுவதுதான். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும்.

பழைய வினாத்தாளைக் கடைசி வாரத்துக்கு விடாமல் முதல் வாரத்திலேயே எடுங்கள். மூன்று ஆண்டுத் தாள்கள் போதும். 'விளக்குக', 'ஒப்பிடுக', 'நிறுவுக' என்ற ஏவல்களை வட்டமிடுங்கள். எந்தப் பகுதியிலிருந்து எத்தனை மதிப்பெண் வருகிறது என்று எழுதுங்கள். 180 நிமிடம், 100 மதிப்பெண் என்றால், வாசிக்கவும் சரிபார்க்கவும் 15 நிமிடம் போக ஒரு மதிப்பெண்ணுக்கு 1.65 நிமிடம். 10 மதிப்பெண் கேள்விக்குச் சுமார் 16 நிமிடம். அதற்கு மேல் போனால் இடம் விட்டு அடுத்ததுக்குப் போய்விடுங்கள்.

முதல் அடி விழுந்த பிறகு

இரண்டு நாள் அந்த விடைத்தாளைத் தொடாதீர்கள். அதன்பின் எடுத்து, இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணையும் நான்கில் ஒன்றில் போடுங்கள்: படிக்கவே இல்லை; படித்தேன், ஆனால் மறந்தது; தெரியும், ஆனால் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன் அல்லது சரியாக எழுதவில்லை; நேரம் போதவில்லை. எண்ணிக்கை எங்கே குவிகிறது என்று பாருங்கள். முதல் வகைக்கு மட்டுமே "இன்னும் அதிக நேரம் படி" என்பது மருந்து. இரண்டாவதற்கு வெற்றுத்தாள், மூன்றாவதற்கு வினாத்தாள் பயிற்சி, நான்காவதற்குக் கடிகாரம். கணக்குப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் இரவு கண்விழிப்பவர்கள் அடுத்த தேர்விலும் அதே இடத்தில் நிற்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

"இங்கே எல்லோரும் பொருந்திவிட்டார்கள், நான் மட்டும்தான் வெளியாள்" என்ற எண்ணம் முதல் செமஸ்டரில் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். வெளியே சொல்லாததால் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். அமெரிக்காவில் கிரெகரி வால்ட்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற இரு உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், இந்த உணர்வு எல்லோருக்கும் உண்டு, நாளடைவில் தணியும் என்று முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் போல் ஒரு பயிற்சி மூலம் உணர்த்தினார்கள். கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த மூன்றாண்டுகளில் உயர்ந்தன. நீங்கள் செய்யக்கூடியது: மூன்று வாரம் ஒரே இருக்கை, பக்கத்தில் அதே இருவர், தினமும் பாடம் பற்றி ஒரு கேள்வி. ஆசிரியரிடம் "புரியலை சார்" என்று போகாமல், "இரண்டாவது படி வரைக்கும் வருது சார், மூன்றாவதுல குறி ஏன் மாறுது?" என்று போங்கள். அப்படிக் கேட்பவருக்கு யாரும் எரிச்சலோடு பதில் சொல்வதில்லை.

கூட இருப்பவர்களுக்கு

"எல்லாம் சரியாகிவிடும்" என்பது பேச்சை முடித்துவிடும் வாக்கியம். "இந்த வாரம் எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ஒவ்வொரு அழைப்பிலும் மதிப்பெண் கேட்டால் அழைப்பை எடுக்காமல் விடத் தொடங்குவார்கள். துணையாக இருக்க விரும்பினால் குறிப்பான ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள்: அவருடைய 50 நிமிடத்தில் குழந்தை, கதவு, தொலைபேசி மூன்றும் உங்கள் பொறுப்பு.

இது வெறும் பழகாமை இல்லை என்பதற்கான அடையாளங்களைத் தெரிந்து வைத்திருங்கள். பெரும்பாலான நேரம் சோர்வு, பிடித்ததில்கூட நாட்டமின்மை, தூக்கமும் பசியும் குலைந்து இரண்டு வாரம் தாண்டுவது. தூங்கவே மது தேவைப்படுவது. வகுப்புக்குப் போவதே நின்றுபோவது. பெரிய மாற்றம் நடந்த மூன்று மாதத்துக்குள் வரும் இத்தகைய தொந்தரவில் ஒரு வகைக்குச் சரிப்படுத்தல் கோளாறு என்று மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு, சிகிச்சையும் உண்டு. ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, அவசர உதவியை நாடுங்கள்; பக்கத்தில் இருப்பவர் அவரைத் தனியே விட வேண்டாம்.

கடைசியாக, எல்லோரும் தாமதமாகத் தேடும் நான்கு விவரங்களை முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் கேட்டு எழுதி வையுங்கள்: குறைந்தபட்ச வருகை எவ்வளவு, ஒரு பாடத்தைக் கைவிடக் கடைசித் தேதி எது, மருத்துவ விடுப்புக்கு என்ன தாள்கள் வேண்டும், விட்டுவிட்டுத் திரும்பச் சேர என்ன வழி. சுமை தாங்க முடியாத செமஸ்டரில் கெடு தேதிக்கு முன் ஒரு பாடத்தை முறைப்படி விடுவது, எல்லாவற்றிலும் தோற்பதைவிட நல்ல முடிவு. தேதி தாண்டினால் அந்த வாசல் மூடிவிடும். விடுப்பு எடுத்துத் திரும்புகிறவர்கள் முடிந்தால் குறைந்த பாடங்களோடு சேருங்கள். முதல் நாளே அந்த இரண்டு பத்தித் தாளைப் புதிதாகப் போடுங்கள், ஏனென்றால் நீங்கள் இல்லாத நாட்களில் பக்கத்து இருக்கைக்காரரும் மாறியிருப்பார்.