வரைந்தவருக்கே உரிமை

காரைக்குடியில் இருந்துகொண்டு பத்திரிகைகளுக்குக் கார்ட்டூன் போடுவதில் வரைவதைவிடப் பணம் கேட்பதுதான் சிரமம். ஒரு வார இதழ் என் படத்தைக் கேட்காமலே காலண்டரிலும் போட்டுவிட்டது. விசாரித்தால், "அதான் காசு கொடுத்தாச்சே தம்பி" என்றார்கள். எனக்குக் கோபம் தாங்கவில்லை. சம்பள ஊழியராக இல்லாமல் வரைந்த கார்ட்டூனுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி முதல் உரிமை வரைந்தவருக்கே. அதை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில் கையெழுத்து வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான் செல்லும். புதிதாக வரைய வருகிறவர்கள் இதை மனப்பாடமே செய்துவிடுங்கள்.

மற்றபடி, எனக்கு இதைவிடப் பிடித்த வேலை கிடையாது. காலையில் வீட்டு நடுமுற்றமான வளவில் வெளிச்சம் விழும் நேரத்தில் பென்சில் வேலையை முடித்து மை தொடுவேன். ஆச்சிகளை வரைந்தால் கண்டாங்கிக் கட்டம்தான் உயிர். கொசுவத்தில் கட்டம் வளைந்து ஒடுங்க வேண்டும்; நேராக இழுத்துவிட்டால் சேலை அட்டை மாதிரி நிற்கும். அப்புறம் வசனம். ஓவியர் கோபுலுவின் வசனமில்லாத நகைச்சுவைப் படங்களைப் பார்த்துப் பழகிய கண் இது, ஒரு வார்த்தையாவது வெட்டாமல் அனுப்ப மனசு வராது.

இப்போதெல்லாம் படத்தோடு ஒரு தாளும் போகிறது: எந்த இதழுக்கு, எத்தனை முறை, என்ன தொகை.